பூச்சில்லாத குதிரைகள்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் பேரருவிக்குப் போகும் சாலையின் இருபுறமும் கடைகள் முளைத்துவிடும். நேந்திரங்காய் வற்றல், மங்குஸ்தான், மூலிகை எண்ணெய், துண்டு, சோப்பு, வாளி என்று விற்கும் அந்த வரிசையில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொம்மைக் கடையில் பீங்கான் குதிரை ஒன்றைப் பார்த்தேன். ஒரு சாண் உயரம். பழுப்பு உடல், பச்சைச் சேணம், கழுத்திலிருந்து மார்புக்கு வழிந்து நின்றுபோன வெண்மஞ்சள். வாலைக் கட்டையாகக் கட்டியிருந்தார்கள். தலையைச் சற்றே இடப்புறம் சாய்த்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. விலை கேட்டேன். "நூத்தம்பது சார், சைனா சாமான்" என்றார் கடைக்காரர், மலிவு என்பதைச் சொல்லும் அதே குரலில்.

அவர் சொன்னது அவர் நினைத்ததைவிடப் பெரிய உண்மை. அந்தக் குதிரையின் மூதாதையரைப் படங்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சீனத்தில் தாங் வமிசம் ஆண்ட காலத்தில், ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, பெரிய மனிதர்களின் கல்லறைகளுக்குள் வைப்பதற்கென்றே செய்யப்பட்ட குதிரைகள் அவை. சீனர்கள் அந்தப் பூச்சுக்குச் 'சான்சாய்' என்று பெயர் சொல்கிறார்கள். மூன்று நிறம் என்று பொருள். நான் அதை வாங்கிக்கொண்டு தென்காசிக்குத் திரும்பும் வழியில் ஒரு குளக்கரைச் சாஸ்தா கோயிலில் வண்டியை நிறுத்தினேன். அங்கும் குதிரைகள் நின்றன. மண் குதிரைகள். ஒன்றுக்குக் காது இல்லை, ஒன்றுக்கு முகமே இல்லை. மழை நீர் முதுகில் இறங்கிச் செம்மண்ணாகக் காலடியில் தேங்கியிருந்தது. கையிலிருந்த பொட்டலத்துக்குள் ஒரு குதிரை, எதிரே ஒரு குதிரை. இரண்டும் களிமண். ஒன்றுக்கு மட்டும் ஏன் கண்ணாடிச் சட்டை? இந்தக் கேள்வி என்னோடு வெகுநாள் இருந்தது.

முதலில் சீனத்துக் குதிரையைப் பார்த்துவிடலாம்.

சீனமும் நம்மைப் போலவே நல்ல குதிரை பிறக்காத மண் என்று நினைத்து ஏங்கிய நாடுதான். கி.மு. 104இல் ஹான் பேரரசர் வூ, மத்திய ஆசியாவின் ஃபெர்கானாப் பள்ளத்தாக்கிலிருந்த உயர்சாதிக் குதிரைகளுக்காகவே படை அனுப்பினார். அந்தப் போர் கி.மு. 101 வரை இழுத்தது. 'வானத்துக் குதிரைகள்' என்று அவற்றை அழைத்தார்கள். தாங் வமிசம் ஆட்சிக்கு வந்தபோது அரச லாயங்களில் ஏறத்தாழ ஐயாயிரம் குதிரைகளே இருந்தன. ஏழாம் நூற்றாண்டின் நடுவில் அது ஏழு லட்சத்தைத் தாண்டியது என்கின்றன அவர்களது பதிவுகள். வடக்கே புல்வெளியிலிருந்து வரும் குதிரை வீரர்களை எதிர்கொள்ளக் குதிரை வேண்டும். அதைவிட, மேன்மக்கள் என்று காட்டிக்கொள்ளவும் குதிரை வேண்டும். இருக்கும்வரை ஏறிய குதிரையை இறந்தபின் விட்டுச்செல்ல மனம் வருமா? உயிருள்ள குதிரைக்குப் பதில் களிமண் குதிரை உடன் போனது.

அதற்கும் சட்டம் இருந்தது. மூன்றாம் தரமும் அதற்கு மேலும் உள்ள அதிகாரி இறந்தால் கல்லறைப் பொருட்கள் 90, ஐந்தாம் தரம் வரை 60, ஒன்பதாம் தரம் வரை 40 என்று தாங் அரசின் விதிகள் எண்ணிக்கை வகுத்தன. 741இல் அதையும் 70, 40, 20 என்று குறைத்தார்கள். ஊர்வலத்தில் இந்த உருவங்களைச் சுமந்து தெரு வழியாகக் கொண்டுபோவார்கள், எல்லோரும் பார்ப்பார்கள், பிறகு மண்ணுக்குள் இறக்கி மூடிவிடுவார்கள். 728இல் இறந்த லியூ திங்சுன் என்ற தளபதியின் கல்லறையைச் சேர்ந்தவை என்று கருதப்படும் உருவங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் வரிசையாக நிற்கின்றன. காவலர், அதிகாரிகள், ஒட்டகங்கள், குதிரைகள், லாயக்காரர்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள அந்த உருவங்கள், ஒரே ஒரு நாள் வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்டவை.

செய்முறையை அறிந்துகொண்டபோதுதான் எனக்குப் பல முடிச்சுகள் அவிழ்ந்தன. லோயாங்குக்குக் கிழக்கே உள்ள கோங்யி போன்ற இடங்களில் கிடைக்கும் வெண்களிமண்ணை அச்சுகளில் அழுத்தி, உடல், கால், தலை என்று தனித்தனியே எடுத்துப் பொருத்துகிறார்கள். உள்ளே வெற்றிடம். ஒரு முறை ஆயிரம் பாகைக்கு மேல் சுட்டெடுத்த பிறகு பூச்சு. மணல்சத்தோடு ஈயத்தைச் சேர்த்து அரைத்த குழம்பு அது. ஈயம் சேர்ந்தால் மணல் குறைந்த சூட்டிலேயே உருகிக் கண்ணாடியாகிவிடும். ஏறத்தாழ 900 பாகை போதும். அதில் செம்பு கலந்தால் பச்சை, இரும்பு கலந்தால் பழுப்பும் தேன்நிறமும், எதுவும் கலக்காவிட்டால் வெண்மஞ்சள். மேற்காசியாவிலிருந்து வந்த கோபால்ட்டைக் கலந்தால் நீலம். நீலம் அரிது, விலையும் அதிகம். உருகும் பூச்சு ஓரிடத்தில் நிற்காது, வழியும். ஒரு நிறம் இன்னொன்றுக்குள் ஓடும். குயவன் பாதி செய்கிறான், மீதியைச் சூளை செய்கிறது. மனித உருவங்களின் முகத்தில் மட்டும் பெரும்பாலும் பூச்சிடாமல் விட்டு, பிறகு வண்ணத்தால் கண்ணும் உதடும் வரைந்தார்கள். முகம் வழிந்துவிடக் கூடாது அல்லவா?

ஈயம் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பூச்சு நஞ்சு. அந்தக் கிண்ணத்தில் புளிக்குழம்பை ஊற்றி வைத்தால் ஈயம் குழம்பில் இறங்கும். ஆகவே சான்சாய் உயிரோடிருப்பவர்களின் அடுக்களைக்குப் பொருந்தாத கலை, இறந்தவர்களுக்கே உரியது. இந்தச் சிறு வேதியியல் உண்மை பின்னால் நம் கடற்கரையில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது.

755இல் ஆன் லூஷான் என்ற தளபதியின் கிளர்ச்சி தாங் நாட்டைக் குலைத்தது. அதன்பின் இவ்வளவு ஆடம்பரமான கல்லறைக் குதிரைகள் அருகிப்போயின. ஆயிரம் ஆண்டுக்கு மேல் அவற்றை யாரும் நினைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கைஃபெங்கிலிருந்து லோயாங்குக்கு ரயில்பாதை போடுவதற்காக மாங்ஷான் குன்றுகளை வெட்டியபோது கல்லறைகள் திறந்துகொண்டன. கூலியாட்கள் அந்த உருவங்களை அபசகுனம் என்று அஞ்சினார்கள். சவக்குழிப் பொருளை வீட்டில் யார் வைப்பார்கள்? பெய்ஜிங் கடைத்தெருவுக்கு வந்தவற்றை லோ ஷென்யூ என்ற அறிஞர் அடையாளம் கண்டு மதிப்புச் சொன்ன பிறகே வெளிநாட்டார் அள்ளத் தொடங்கினார்கள். 1989 டிசம்பரில் லண்டன் ஏலத்தில் ஒரு தாங் குதிரை 37 லட்சம் பவுனுக்கும் மேல் போயிற்று. விற்றது யார் என்கிறீர்கள்? பிரிட்டிஷ் ரயில்வே ஊழியர்களின் ஓய்வூதிய நிதி. ரயில் தோண்டி எழுப்பியதை ரயில் விற்றுப் பென்ஷன் கொடுத்தது. வரலாறு சில வேளைகளில் இப்படிக் கதை எழுத்தாளரைப் போல நடந்துகொள்கிறது.

லோயாங்குக்கு அருகில் நான்ஷிஷான் என்றொரு சிற்றூர். கல்லறைகளிலிருந்து உடைந்து வந்த உருவங்களை ஒட்டிச் சீர்செய்து பழகிய கைகள் அங்கே நகல் செய்யவும் தொடங்கின. இன்று அந்த ஊரின் தொழிலே அதுதான். பழையதா புதியதா என்று கண்டறிய, சுட்ட மண்ணில் தேங்கியுள்ள கதிர்வீச்சை அளக்கும் வெப்ப ஒளிர்வுச் சோதனை தேவைப்படும் அளவுக்கு நகல்கள் தேர்ந்துவிட்டன. நான் குற்றாலத்தில் வாங்கியதற்கு அந்தச் சோதனை வேண்டியதில்லை.

இனி நம் பக்கம். குற்றாலத்தில் விழும் நீர் சிற்றாறாகித் தென்காசி வழியே கிழக்கே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. தாமிரபரணி ஆதிச்சநல்லூரைத் தொட்டுக்கொண்டு போய்க் காயலுக்கு அருகே கடலில் விழுகிறது. ஒரு நீர்வழியில் மண்ணுக்கு எத்தனை விதமான வேலை கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்க, நதியோடு கீழே இறங்கிக் கடல் வரை போய்த் திரும்பிவருவது நல்லது.

ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜாகர் என்ற ஜெர்மானியரும், பின்னர் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்ஸாண்டர் ரீயும் தோண்டியபோது கிடைத்தவை நாமறிந்தவைதாம். வயல் ஓரப் பரம்பில் நெருக்கமாகப் புதைத்த தாழிகள். சீனரைப் போலவே நாமும் இறந்தவருக்கு மண்ணைக் கொடுத்தவர்களே. ஆனால் உருவத்தைக் கொடுக்கவில்லை, வீட்டைக் கொடுத்தோம். தாழி என்பது மண்ணால் ஆன கருப்பை. விலங்குகள் அங்கேயும் உண்டு. ரீ கண்டெடுத்த வெண்கலக் கலங்களின் மூடிகளில் எருமை, சேவல் போன்ற சிற்றுருவங்கள் நிற்கின்றன. 2004-05இல் நடந்த அகழாய்வில் கிடைத்த ஓர் ஓட்டில் பெண், மான், முதலை, பறவை ஆகியவை மண்ணாலேயே ஒட்டிச் செய்யப்பட்டிருந்தன. குதிரை அந்தக் கூட்டத்தில் இல்லை. குதிரை நமக்கு அயல் விலங்கு. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வங்களைப் பட்டியலிடும்போது கடல்வழி வந்த பொருளாகவே குதிரையைச் சொல்கிறது.

நதி கடலில் சேரும் காயலில் அந்தக் குதிரை இறங்கியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய அரசர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு மிஞ்சாது என்றும் எழுதினார். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர் இல்லை, வணிகரும் அப்படிப்பட்டவரை இங்கே வரவிடுவதில்லை என்பது அவர் சொன்ன காரணம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் துல்லியமாகக் கணக்குச் சொல்கிறார்: கீஷ் தீவிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒவ்வொன்றுக்கும் விலை 220 பொற்காசு. வழியில் இறந்தாலும் பணம் உண்டு. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். இரண்டு அயலார் சொல்வதிலும் பொதுவாக நிற்பது ஒன்றுதான். இந்த நாட்டில் குதிரை என்பது கடலில் வருவது, பொன்னைக் கொண்டுபோவது, சீக்கிரம் சாவது. அரசன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை அமைச்சர் மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்ததும், நரி பரியாகி வந்து இரவில் மீண்டும் நரியானதும் நம் சைவ மரபின் பெருங்கதையாக நிலைத்ததற்கு, இந்தக் கருவூல நடுக்கமும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. கொட்டிலில் கட்டிய குதிரை காலையில் இருக்காது என்பது கதை மட்டுமன்று. லாயக் கணக்கரின் அனுபவமும்கூட.

அதே காயலில் சீனமும் இறங்கியது. 1881இல் திருநெல்வேலி வரலாற்றை நூலாக வெளியிட்ட கால்டுவெல், பழைய காயலின் இடத்தைத் தேடி நடந்தபோது வெட்டவெளி எங்கும் சீனப் பாண்டங்களின் உடைந்த ஓடுகள் கிடந்ததைப் பதிவுசெய்தார். இடையன்குடியிலிருந்த பாதிரியார் வெயிலில் குனிந்து சீன ஓடு பொறுக்கிய காட்சி எனக்கு மிகவும் பிடித்தமானது. நூறாண்டுக்குப் பின் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்தைத் தோண்டியது. ஜப்பானியத் தமிழறிஞர் நொபொரு கரஷிமாவும் பேராசிரியர் எ. சுப்பராயலுவும் அங்கே கிடைத்த சீன ஓடுகளை ஆராய்ந்தனர். 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த லோங்சுவான் பச்சைப் பாண்டம், தேஹுவா வெள்ளைப் பாண்டம், ஜிங்தேஷென் நீலவெள்ளைப் பாண்டம் எல்லாம் அங்கே வந்திருந்தன. போக்குவரத்து ஒருவழிப்பட்டதும் அன்று. 1281இல் சுவான்சௌ துறைமுகத்தில் ஒரு சிவன் கோயிலுக்காகத் தமிழில் கல்வெட்டு வெட்டப்பட்டது. அங்கே நம்மவர் இருந்தார்கள். அவர்களது சவ ஊர்வலங்களையும் பார்த்திருப்பார்கள்.

ஆனால் நம் கரையில் கிடைத்த ஓடுகளைப் பார்த்தால் கிண்ணம், தட்டு, சாடி, மீண்டும் கிண்ணம். 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கடலடியில் கண்டெடுத்த ஒன்பதாம் நூற்றாண்டு அரபுக் கப்பலும் இதையே சொல்கிறது. அதிலிருந்த ஏறத்தாழ 60,000 பாண்டங்களில் மிகப் பெரும்பாலானவை சாங்ஷாச் சூளையின் கிண்ணங்கள். உண்பதற்கும் ஊற்றுவதற்கும் உரிய, உயர்ந்த சூட்டில் சுட்ட, ஈய நஞ்சில்லாத, அடுக்கினால் உடையாத சரக்கு. கல்லறைக் குதிரையை எந்த மாலுமி ஏற்றுவான்? சாவுச் சாமானுக்குச் சந்தை கிடையாது. அப்படியாக, சீனக் குயவன் செய்தவற்றில் ஆக அழகானதைச் சீனம் தன் மண்ணுக்குள் புதைத்துவிட்டு, சோறு தின்னும் கிண்ணங்களை நமக்கு அனுப்பியது. நாமும் நன்றியோடு வாங்கிப் பெயர் வைத்தோம். எங்கள் வீட்டு ஊறுகாய், மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாகப் பளபளக்கும் பரணியில்தான் இருந்தது. செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் மலையாளத்தில் அதன் பெயர் சீனபரணி.

ஆக, பூச்சிட்ட பாண்டம் எப்படியிருக்கும் என்பது தாமிரபரணிக் குயவருக்குக் குறைந்தது எழுநூறு ஆண்டுகளாகத் தெரியும். கையில் எடுத்துத் தட்டிப் பார்த்திருப்பார்கள். பிறகு ஏன் தம் குதிரைக்கு அதைப் பூசவில்லை?

தெரியாது என்பதுதான் எளிய விடை. நம் சூளை திறந்த சூளை. வைக்கோலும் வரட்டியும் அடுக்கி மேலே சேறு மெழுகிச் சுடுவது. சாம்பலும் புகையும் நேரே மேனியில் படும். பூச்சுக்கு மூடிய சூளை வேண்டும், இரண்டாவது முறை சுட வேண்டும், ஈயம் வேண்டும். இந்த விடை பாதி சரி. ஆனால் பூச்சு என்பது வேறென்ன? மண்ணின் மேல் உருகிப் படிந்த கண்ணாடி. கண்ணாடி செய்வதில் தமிழகம் யாருக்கும் பின்தங்கியதன்று. அரிக்கமேட்டுக் கண்ணாடி மணிகள் கீழ்க்கடல் நாடுகள் வரை போயின. பழனிக்கு அருகே பொருந்தலில் நடந்த அகழாய்வில் ஈமக்குழியிலும் வாழ்விடத்திலும் கண்ணாடி மணிகள் கிடைத்தன. மூடிய உலையும் செம்பு சேர்த்து நிறமேற்றும் கையும் இங்கே இருந்தன. பிற்காலத்தில் வேலூர்ப் பக்கம் கரிகிரியில் பூச்சிட்ட பாண்டங்கள் செய்யும் மரபொன்றும் தழைத்தது. வேண்டுமென்று நினைத்த இடத்தில் வந்திருக்கிறது. மணிக்காரரின் உலைக்கும் குயவரின் சூளைக்கும் நடுவே சாதிச் சுவர் இருந்தது என்று சிலர் சொல்லலாம்; அதுவும் உண்மையின் ஒரு கூறு. இருந்தாலும் என் முடிவு வேறு. நம் குதிரைக்குப் பூச்சு கிடைக்காமல் போகவில்லை. அது பூச்சை வேண்டவில்லை.

இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுசேர்த்தது நூல் அன்று. காருகுறிச்சிப் பக்கம் ஒரு வேளாரோடு பேசிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். நாதஸ்வரத்தால் உலகறிந்த அந்த ஊர் மண்பாண்டத்துக்கும் பெயர்பெற்றது. ஐயனாருக்குக் குதிரை செய்ய ஊரார் முதலில் தம் ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்துக் குயவரிடம் கொடுக்க வேண்டும். பிடிமண் என்பார்கள். அதைத் தம் களிமண்ணோடு சேர்த்து, மணலும் உமியும் கலந்து மிதித்துப் பதப்படுத்துகிறார்கள். நான்கு கால்களும் நான்கு குழாய்கள். அவற்றை முதலில் நிறுத்தி நிழலில் காயவிட்டு, மேலே வயிறு, பிறகு கழுத்து, கடைசியாகத் தலை. அவசரப்பட்டால் எடை தாங்காமல் உட்கார்ந்துவிடும். சுட்டு முடித்துச் செங்காவியும் சுண்ணாம்பும் பூசி, கண் திறந்து, தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகளில் இதுவே புரவியெடுப்பு என்ற பெருந்திருவிழா. எங்கள் நெல்லைச் சீமையில் அவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லை. இங்கே சாஸ்தா பங்குனி உத்திரத்துக்குக் குடும்பம் குடும்பமாக வந்து பொங்கலிட்டுப் போவதோடு நிறைவு கொள்கிறார்.

கொண்டுபோய் வைத்த பிறகு அந்தக் குதிரையை யாரும் பராமரிப்பதில்லை. காது உடைந்தால் ஒட்டுவதில்லை, சாய்ந்தால் நிமிர்த்துவதில்லை. மதுரை வட்டாரத்து வேளார்களிடையே தங்கி ஆராய்ந்த ஸ்டீஃபன் இங்லிஸ் இந்தச் செய்தலும் சிதைதலும் சேர்ந்ததே அவர்களது தொழில் என்று கவனித்தார். நான் அந்த வேளாரிடம் குற்றாலத்துப் பீங்கான் குதிரையைக் காட்டினேன். திருப்பிப் பார்த்தார், வயிற்றுத் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார், நகத்தால் சுண்டினார். நல்ல சூடு காட்டியிருக்கிறார்கள் என்று மெச்சினார். இப்படிப் பூசினால் மழையில் கரையாதே, உங்கள் குதிரைக்கும் பூசலாமே என்றேன். அவர் சிரித்தார். "உடைஞ்சாத்தான சார் மறுபடியும் பிடிமண்ணு குடுப்பாவ."

பிழைப்பைச் சொன்னார் என்று அப்போது நினைத்தேன். பிழைப்பும்தான். ஆனால் பிடிமண் கொடுப்பது என்பது ஊர் கூடி, வழக்குத் தீர்த்து, வரி பிரித்து, இந்த ஆண்டும் நாங்கள் ஓர் ஊர் என்று சொல்லும் செயல். குதிரை அழியாவிட்டால் அந்தக் கூடல் எதற்கு? சீனத்துக் குதிரை ஒரு மனிதருக்காக ஒருமுறை செய்யப்பட்டது. அவர் மீண்டும் இறக்கப்போவதில்லை. ஆகவே அது கெடக் கூடாது. நம் குதிரை ஒரு ஊருக்காகத் திரும்பத் திரும்பச் செய்யப்படுவது. இரவில் எல்லை சுற்றும் தெய்வத்துக்குக் களைத்த குதிரை ஆகாது, புதுக்குதிரை வேண்டும். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாத பாண்டியன் லாயத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

தமிழருக்கு நிலைபேறு தெரியாது என்று இதை வாசித்துவிடக் கூடாது. நிலைக்க வேண்டியவற்றுக்கு நாம் கல்லை வைத்திருந்தோம். ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கி நிற்பவை கல் குதிரைகள். தென்காசியில் 1446இல் விசுவநாதர் கோயிலைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதைக் காப்பவர்களின் அடிபணிவதாகக் கல்லில் வெட்டி வைத்தான். அரசன் இப்படிக் கெஞ்சிக் கேட்டும் கோபுரம் பின்னர் சிதைந்து பல தலைமுறைகள் மொட்டையாக நின்றது. 1990இல்தான் மறுபடி எழுந்து குடமுழுக்குக் கண்டது. கல்லுக்கு ஒரு வேலை, மண்ணுக்கு ஒரு வேலை என்று பிரித்து வைத்திருந்த சமூகம் இது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பூச்சிட்ட மண்ணுக்கு இங்கே இடம் வாய்க்கவில்லை.

இங்கே ஒரு சிறு விலகல். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்ற பழமொழியில் குதிரை இல்லை, மண் 'குதிர்' என்னும் மணல் திட்டே உண்டு என்ற திருத்தம் மாணவர்களிடையே பரவலாக உலவுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பழமொழிகள் தருக்கத்தால் வாழ்பவை அல்ல, காட்சியால் வாழ்பவை. ஏறி உட்காரவே முடியாத ஒன்றின் மேல் ஏறி ஆற்றைக் கடக்க நினைப்பவனின் சித்திரத்தில் உள்ள கேலி, மணல் திட்டில் இல்லை. குளக்கரையில் ஆண்டுதோறும் குதிரைகள் கரைவதைப் பார்த்த மக்களுக்கு அந்தச் சித்திரம் வெகு அருகில் இருந்தது.

பூச்சில்லாமலும் மண் குதிரை நிலைத்ததுண்டு. ஆரல் ஸ்டைன் 1915இல் மத்திய ஆசியாவில் துர்ஃபான் அருகே அஸ்தானாக் கல்லறைகளைத் திறந்து எடுத்தவற்றில் ஒரு பகுதி டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாங் காலத்துக் குதிரைகள்; ஆனால் பூச்சில்லை, சுட்ட மண்கூட இல்லை. வெறும் களிமண்ணில் வண்ணம் தீட்டியவை. பாலைவனத்து வறட்சி அவற்றைக் காத்தது. ஆண்டில் பாதி சாரல் அடிக்கும் குற்றாலத்து அடிவாரத்தில் அந்தச் சலுகை யாருக்கும் கிடையாது.

நான் முதலில் சொன்ன குளக்கரைக் கோயிலுக்கு அண்மையில் மறுபடி போனேன். திருப்பணி நடந்து முடிந்திருந்தது. மண் குதிரைகள் இருந்த இடத்தில் சிமெண்டுக் குதிரைகள் இரண்டு, ஆள் உயரத்தில், வெள்ளை எனாமல் பூசி, சிவப்புச் சேணமும் நீலக் கடிவாளமுமாக நின்றன. மழை அவற்றின் மேல் பட்டு உருண்டு ஓடியது. நன்கொடையாளர் பெயர்ப் பட்டியல் கருங்கல்லில். இனி பிடிமண் தேவையில்லையா என்று பூசாரியிடம் கேட்டேன். இருபது வருடத்துக்குக் கவலையில்லை என்றார், பெருமையாகவே. அவரைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. ஊரில் பாதிப்பேர் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். யார் கூடி யார் மண் எடுப்பது? பூச்சு கடைசியில் நம் குதிரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது, எட்டு நூற்றாண்டுத் தாமதமாக, எனாமல் டப்பாவில்.

பழைய குதிரைகளை என்ன செய்தீர்கள் என்றேன். பின்பக்கம் கைகாட்டினார். கரையின் உட்சரிவில், ஆவாரஞ் செடிகளுக்கு நடுவே குவியலாகக் கிடந்தன. ஒரு கால் மட்டும் உடையாமல் நின்றவாக்கில் மண்ணில் புதைந்திருந்தது. குனிந்து உள்ளே பார்த்தேன். குழாயின் உட்சுவரில், களிமண் ஈரமாக இருந்தபோது அழுத்திச் சேர்த்த விரல்களின் தடம் வரிசையாகத் தெரிந்தது. அடியில் மழைநீர் தேங்கியிருந்தது. அதில் ஒரு குட்டித் தவளை.